தாசையன் காபி வேண்டாம் என்ற நாள்

வலியசாலை,
திருவனந்தபுரம்.
ஜூலை 21

அன்புள்ள வினீத்,

நம் வீட்டு மூன்றுகால் ஸ்டூல் சென்ற ஞாயிற்றுக்கிழமை முதல் சேவையிலிருந்து விலக்கப்பட்டுள்ளது என்பதை முதற்கண் தெரிவித்துக்கொள்கிறேன். முடிவு அவசரத்தில் எடுக்கப்பட்டதல்ல. ஸ்டூலின் கடந்தகாலச் சேவை, பரணில் இருக்கும் இட்லிக் குண்டானின் உயரம், என் வயது, உன் அம்மாவின் முழங்கால் ஆகிய அனைத்தும் பரிசீலிக்கப்பட்டன. விமானிகளின் குடும்பங்களுக்கென்று உங்கள் கம்பெனி அனுப்பிய பாதுகாப்புக் கையேட்டில், ஆபத்து எங்கே இருக்கிறது என்று அது நடப்பதற்கு முன்பே தேடிப் பார்க்கும்படி எழுதியிருந்தது. தேடினேன். நம் வீட்டில் அது ஸ்டூலின் மூன்றாவது காலில் இருந்தது. “இத்தனை வருஷமா நான் ஏறி இறங்குறேன், இப்பந்தான் இவருக்குக் கண்ணு தெரியுது” என்றாள் உன் அம்மா. கையேட்டின் மொழியில் இதற்கு ‘ஊழியர் கருத்து’ என்று பெயர். வரவேற்கப்பட வேண்டும் என்று இருந்தது. வரவேற்றேன்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நீ போனில், கம்பெனியின் அவசரகால ஒத்திகை எப்படிப் போயிற்று என்று கேட்டாய். நல்லபடியாக நடந்தது என்றேன். வேலையில் இருந்த காலத்தில் தணிக்கைக்கு வந்தவர்களிடம் பேசிய அதே குரலில்தான் சொன்னேன்; நீ கவனித்தாயோ என்னவோ. உன் அம்மா பக்கத்தில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். அதனால் மிச்சத்தை எழுதுகிறேன்.

சித்திரை விஷுவன்று நீயும் உன் அம்மாவும் பேசிக்கொண்டதைத் திரும்ப எழுத எனக்கு விருப்பமில்லை. ஆனாலும் ஒரு தரம் எழுதி வைப்பது நல்லது. பெரிய விமானக் கம்பெனியை விட்டுவிட்டு ஒரு தொழிலதிபரையும் அவர் நாயையும் சின்ன ஜெட்டில் ஏற்றி இறக்கும் வேலைக்கு நீ போனதை, “ஒரு முதலாளிக்கு டிரைவராப் போறதுக்கா இம்புட்டுப் படிச்சான்” என்று அவள் சொன்னாள். “உனக்கு மகன் வேணுமா, தெருவில சொல்லிக்கிறதுக்கு ஒரு யூனிஃபார்ம் வேணுமா” என்று நீ கேட்டாய். இரண்டுமே நன்றாக அமைந்த வாக்கியங்கள். அதனால்தான் இரண்டு பேராலும் திரும்ப வாங்க முடியவில்லை.

அதிலிருந்து இந்த வீட்டில் உன் பெயர் சொல்லப்படுவதில்லை. ஆனால் நீ இருக்கும் மும்பையின் வானிலையில் உன் அம்மாவுக்கு ஆழ்ந்த ஈடுபாடு வந்துவிட்டது. “பம்பாயில நல்ல மழையாம்” என்று டிவியைப் பார்த்துச் சொல்வாள். “ஆமாம், குடை இருக்கு” என்று நானும் டிவியைப் பார்த்துச் சொல்வேன். செய்தி வாசிக்கிற பெண் எங்களைப் பற்றி என்ன நினைக்கிறாளோ.

உனக்கு ஏதாவது ஆனால் யாருக்குத் தெரிவிப்பது என்று கம்பெனி கேட்டபோது என் பெயரை மட்டும் கொடுத்தாய். அந்த நேரத்தில் அது நியாயம்தான். அவளிடம் கேட்டிருந்தால் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பாள். இந்த மாதம் ஏதாவது ஒரு நாள் அவசரகால ஒத்திகை நடக்கும், உறவினருக்குத் தகவல் சொல்வதும் அதில் அடக்கம் என்று கம்பெனி எனக்கு மின்னஞ்சல் அனுப்பியது. சம்மதம் என்று பதில் போட்டேன். உன் பேச்சையே எடுக்கக்கூடாத வீட்டில் உன் விபத்தின் பேச்சை எடுப்பானேன் என்று அவளிடம் சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை உங்கள் விமானம் கற்பனையில் ஓடுபாதையைத் தாண்டி ஒரு வயலில் போய் நின்றது. நிஜத்தில் நீ அந்த முதலாளியோடு இந்தூருக்குப் பறந்துகொண்டிருந்தாய். உன் போன் அணைந்திருந்தது. நான் சாலைக் கடைத்தெருவுக்குக் கொடிக்கயிறு வாங்கப் போயிருந்தேன். என் போன் வீட்டில் சத்தமில்லாமல் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது.

இங்கே உங்கள் கம்பெனிக்கு எரிபொருளும் வண்டியும் ஏற்பாடு செய்துகொடுக்கும் தாசையனை உனக்குத் தெரியும். பாறசாலைக்காரர், அதிர்ந்து பேசமாட்டார். தகவல் சொல்லும் பொறுப்பு அவருடையது. அவர் கையிலிருந்த பக்கத்தைப் பிறகு நானே வாங்கிப் படித்தேன். போனில் கிடைக்காவிட்டால் நேரில் போகவேண்டும். தனியாகப் போகக்கூடாது, இருவராகப் போகவேண்டும். குறிப்பிட்ட உறவினரைத் தவிர வேறு யாரிடமும் விஷயத்தைச் சொல்லக்கூடாது. குரலைத் தாழ்த்திப் பேசவேண்டும். அந்த வீட்டில் எதுவும் வாங்கிக் குடிக்கக்கூடாது. எழுதியவர் டெல்லியில் ஒரு ஆலோசகராம். நல்ல மனிதராகத்தான் இருக்கவேண்டும்.

தாசையன், டிரைவர் அபிலாஷைக் கூட்டிக்கொண்டு, வெள்ளைச் சட்டையில் நம் வாசலில் வந்து நின்றார். “சார் இருக்காரா அம்மா?” என்று கேட்டார். சாலைக் கடைத்தெருவுக்குப் போயிருக்கிறார், என்ன விஷயம் என்றாள் உன் அம்மா. “சார் வரட்டும்மா” என்றார். உள்ளே வந்து உட்காருங்கள் என்றாள். நிற்கிறோம் என்றார். காபி போடட்டுமா என்றாள். வேண்டாம் என்றார். தண்ணீராவது என்றாள். அதுவும் வேண்டாம் என்றார்.

இந்தத் தெருவில் சாவுச் செய்தி வேறு எப்படி வந்திருக்கிறது, சொல். இரண்டு ஆண்கள் வருவார்கள். பெண்ணிடம் சொல்லமாட்டார்கள், வீட்டு ஆம்பளை வரட்டும் என்பார்கள். தண்ணீர்கூட வாங்கமாட்டார்கள். டெல்லி ஆலோசகர் யோசித்து யோசித்து எழுதிய பக்கத்தை வலியசாலை எப்போதோ நடைமுறைக்குக் கொண்டுவந்துவிட்டது.

“நீங்க எங்கேருந்து வாறீங்க?” என்று அவள் கேட்டிருக்கிறாள். தாசையன் பொய் சொல்லத் தெரியாதவர். விமானக் கம்பெனி என்றார். “வினீத்தோட கம்பெனியா?” என்று கேட்டாளாம். எதிர்வீட்டு நாச்சியார் அப்போது வாசலில்தான் இருந்தாள். அவள்தான் எனக்குச் சொன்னாள். தாசையன் தலையை ஆட்டி, மறுபடியும் “சார் வரட்டும்மா” என்றிருக்கிறார். உன் அம்மா சாரல் அடித்துக்கொண்டிருந்த படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். நாச்சியார் ஓடிவந்து பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு தெருவே வந்தது.

நம் பகவதிப்பெருமாள் அண்ணாச்சியும் வந்தார். அவசரகாலத் திட்டமிடலில் அவரை மிஞ்ச உங்கள் கம்பெனியில் ஆள் இல்லை. ஃப்ரீசர் பெட்டிக்காரரிடம் பொதுவாக விசாரித்து வைத்திருந்தார். பந்தலுக்கு ஆள் சொல்லியாகிவிட்டது. நாகர்கோவிலில் உன் மாமாவுக்குப் போன் போட்டு, “ஒண்ணும் இல்ல, பதறாண்டாம், உடனே புறப்பட்டு வாரும்” என்று சொல்லியிருந்தார். மாமா வேன் பிடித்துப் பாதி வழி, களியக்காவிளை வரை வந்துவிட்டார்.

நான் ஆட்டோவில் வந்து இறங்கினேன். கூட்டம் விலகி வழிவிட்டது. அண்ணாச்சி என் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டார். இத்தனை வருடத்தில் அவர் என் பையை வாங்கியதில்லை. ஒத்திகை என்ற நினைப்பே எனக்கு வரவில்லை, வினீத். சம்மதம் என்று பதில் போட்டவனே நான்தான். தெருவிலிருந்து படிவரை நடந்ததை எழுத வரவில்லை, விட்டுவிடுகிறேன்.

தாசையன் என் காதருகே வந்து, குரலைத் தாழ்த்தி, “சார், இது ஒத்திகையாக்கும். கேப்டன் சுகமா இருக்காரு” என்றார். சத்தமாகச் சொல்லும் என்றேன். அவர் கையிலிருந்த தாளைப் பார்த்தார். குரலைத் தாழ்த்தவேண்டும் என்றல்லவா அதில் இருக்கிறது. நானே கத்தினேன். அக்கவுண்ட்ஸ் ஆபீசில் முப்பத்தைந்து வருடம் இருந்தவன், தெருவில் நின்று கத்தியது அதுதான் முதல் தடவை.

உன் அம்மா எழுந்து உள்ளே போனாள். அழப்போகிறாள் என்று பெண்கள் பின்னால் போனார்கள். அவள் அடுப்பைப் பற்றவைத்தாள். பெரிய பாத்திரத்தில் பால் வைத்தாள். முதல் டம்ளரைத் தாசையனிடம் கொண்டுவந்து நீட்டினாள். “இல்லம்மா, எங்க ரூல்படி...” என்று அவர் ஆரம்பித்தார். “குடிச்சிட்டு ரூல் பேசும்” என்றாள். அவர் குடித்து முடித்து டம்ளரைக் கீழே வைக்கும்வரை எதிரிலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்தது அபிலாஷ். பிறகு தெரு முழுவதற்கும்.

எல்லோரும் போனபிறகு என்னைப் பார்த்து ஒன்றே ஒன்று கேட்டாள். “சார் வரட்டும், சார் வரட்டும்ங்கிறான். அப்போ நான் ஆரு?” அதற்குப் பதில் எந்தக் கையேட்டிலும் இல்லை.

கம்பெனியின் மதிப்பீடு நேற்று மின்னஞ்சலில் வந்தது. திருவனந்தபுரம் மையம் விதிமுறைகளை ஒன்றுவிடாமல் கடைப்பிடித்ததாம். மற்ற மையங்களுக்கு முன்மாதிரியாக அறிவிக்கப்போகிறார்களாம். குடும்பத்தின் கருத்தையும் கேட்டிருக்கிறார்கள். ‘தகவல் கிடைத்தது’ என்று மட்டும் எழுதலாமென்று இருக்கிறேன். தாசையனை யாரும் குறை சொல்லவேண்டாம். அவர் மறுநாள் மனைவியோடு வந்து, ஒரு சீப்பு நேந்திரன்பழம் வைத்துவிட்டுப் போனார்.

உன் அம்மா இப்போது என்னிடம் தொழில்நுட்ப விவரங்கள் கேட்கத் தொடங்கியிருக்கிறாள். அந்தச் சின்ன விமானத்துக்கு எத்தனை எஞ்சின் என்று கேட்டாள். இரண்டு என்றேன். ஒன்றிலேயே பறக்காதா என்றாள். பறக்கும் என்றேன். “பின்னே ரெண்டாவது எதுக்கு?” என்றாள். ஒன்று நின்றுபோனால் என்றேன். பிறகு, முதலாளியின் நாய்க்கும் பெல்ட் போடுவார்களா என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. உனக்குத் தெரிந்திருக்கும். அவளிடமே சொல்.

இதைத்தான் உன்னிடம் கேட்க வந்தேன். கம்பெனியில் உறவினர் பெயரை மாற்று. அவள் பெயர் முதலில் இருக்கட்டும், மங்கலம் குற்றாலலிங்கம் என்று முழுதாக. என் பெயர் அடுத்ததாக இருந்தால் போதும். பிறகு அவளைக் கூப்பிடு. மன்னிப்பெல்லாம் கேட்காதே, பயந்துவிடுவாள். உள்ளித்தீயல் குழம்புக்குத் தேங்காயை எவ்வளவு வறுக்கவேண்டும் என்று கேள். அவள் திட்டினால் இடையில் பேசாமல் கேட்டுக்கொள். ஓய்வு நேரத்தைக் குறைத்துக்கொண்டு பறக்காதே. களைப்பாக இருந்தால் முதலாளியிடம் முடியாது என்று சொல். அதற்கு உனக்கு உரிமை உண்டு என்று கையேட்டிலேயே இருக்கிறது, நான் அடிக்கோடு போட்டு வைத்திருக்கிறேன்.

எத்தனை தரம் மேலே ஏறுகிறாயோ, அத்தனை தரமும் பத்திரமாக இறங்கு. கணக்குப் பார்த்தவனுக்குத் தெரிந்த ஆசீர்வாதம் இவ்வளவுதான்.

உன் நலமே நினைக்கும்,
அப்பா
குற்றாலலிங்கம்

பி.கு.: விஷுவுக்குப் பிறகு அம்மாவின் செல்போனுக்கு ரீசார்ஜ் செய்யவில்லை, வேண்டாம் என்றிருந்தாள். நேற்று செய்தேன். ஒரு வருடத்துக்குப் போடச் சொன்னாள்.