சுறா பேனரோடு திமிங்கிலத்துக்காக நின்றேன், மச்சான்

கடலிலேயே தங்கிவிட்ட என் மச்சான் செல்வத்துக்கு,

நீ சிரிப்பாய் என்று தெரிந்தேதான் இதை முதலில் சொல்கிறேன். போன வாரம் சிதம்பரம் கீழ வீதியில், தேரடிக்குப் பக்கத்தில், திமிங்கில வேட்டையை எதிர்த்துப் பேனர் பிடித்து நின்றேன். பேனரில் இருந்தது திமிங்கிலம் இல்லை. சுறா.

பேனர் வேலையை என் மகள் மலர் என்னை நம்பிக் கொடுத்திருந்தாள். திருப்பாதிரிப்புலியூரில் நம் மெஸ்ஸுக்கு போர்டு எழுதிய அதே பெயிண்டரிடம் போய், "பெருசா ஒரு மீன் போட்டுடுப்பா" என்று சொல்லிவிட்டு வந்தேன். கைப்பழக்கத்தில் அவர் நம் கடைச் சுறாவையே போட்டுவிட்டார்.

"வாலு படுத்தாப்புல இருக்கணும்பா. செவுளே கெடையாது. அது மீனே இல்ல, நம்மள மாதிரி மூச்சு வுடுது" என்று உன் மருமகள் தலையில் கை வைத்துக்கொண்டாள். பஸ்சுக்கு நின்ற ஒருவர் பக்கத்தில் வந்து, "சிதம்பரத்துல புது பிராஞ்சா? சுறாப்புட்டு எப்ப கெடைக்கும்?" என்று கேட்டார். பத்தாவதோடு நின்ற என்னிடம் இந்த வேலையைக் கொடுத்தது அவள் தப்புதானே?

உனக்கு முழு விஷயமும் தெரியாது. நீ வேலை பார்த்த சரக்குக் கப்பலிலிருந்து தவறி விழுந்து, உடம்பும் கிடைக்காமல் போன பிறகு, நம் வீட்டில் கடலைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. மலர் மட்டும் பேசினாள். கப்பலுக்குப் பக்கத்தில் குட்டியோடு எழும்பி மூச்சு விட்ட திமிங்கிலத்தை, அந்த மூச்சின் நாற்றத்தை, லீவில் வரும்போதெல்லாம் நீதானே அவளுக்குச் சொன்னாய்? அதுதான் அவளைப் பரங்கிப்பேட்டைக்குக் கடல் படிப்புப் படிக்க அனுப்பியது.

உலகத்தின் தென்கோடியில், பனிக்கட்டி மிதக்கிற தண்ணீரில், கப்பலில் ஆராய்ச்சி என்று எழுதி ஒட்டிக்கொண்டு இன்னும் வேட்டை நடக்கிறது மச்சான். கறி கடைக்குப் போகிறது. வேட்டைக்கு இருக்கிற தடையைத் தளர்த்தலாமா என்று நாடுகள் கூடிக் கூடிப் பேசுகின்றன. ஒரு நாடு இன்னொரு நாட்டை உலகக் கோர்ட்டுக்கே இழுத்திருக்கிறது. இதற்கு நடுவே சில சின்னக் கப்பல்கள் போய், வேட்டைக் கப்பலுக்கும் திமிங்கிலத்துக்கும் குறுக்கே நிற்கின்றன. அதில் ஒன்றில் மலருக்கு இடம் கிடைத்திருக்கிறது. சம்பளம் இல்லை. சாப்பாட்டில் முட்டைகூட இல்லையாம். சுறாப்புட்டு விற்று வளர்த்த பெண்!

உன் தங்கச்சி விஜயா ஒரே வார்த்தைதான் சொன்னாள். "அந்தக் கடலுக்கு ஒருத்தனக் குடுத்தது பத்தாதா?"

கீழ வீதியிலும் ஒருவர் என்னை மடக்கினார். நம் கடையில் தினமும் சாப்பிடுகிற ஆபீஸ்காரர். கூட்டத்தைப் பார்த்து நின்றவர் சத்தமாகவே கேட்டார். "ஏங்க, காலையில சுறா அறுக்கறீங்க. சாயங்காலம் திமிங்கிலத்துக்கு அழுவறீங்க. அவன் ஊரு சாப்பாடு, அவன் திங்கறான். ஒங்களுக்கு ஏன் எரியுது?"

மலரோடு வந்த பிள்ளைகள் தரையைப் பார்த்தார்கள். நான் பிடித்திருந்த பேனர் முனையை மலரிடம் கொடுத்துவிட்டு மைக்கை வாங்கினேன்.

"ஆமாங்க, என் கையில கறை இருக்கு. கறை இல்லாதவன் வந்து கேக்கட்டும்னு காத்துக்கிட்டிருந்தா அதுக்குள்ள கடல்ல ஒண்ணும் மிஞ்சாது. அவன் ஊரு சாப்பாடுன்னா அவன் ஊரு தண்ணியில புடிக்கலாமில்ல? அவ்ளோ தூரம் வந்து, எதுக்கு ஆராய்ச்சின்னு பொய் எழுதணும்? நான் சுறாப்புட்டைக் கத்திரிக்கான்னு போர்டு எழுதியா விக்கிறேன்?"

அவரே சிரித்துவிட்டார். பஸ்சுக்கு நின்றவரும் சிரித்தார். சிரிப்போடு சிரிப்பாக ஒரு பையன், "அந்தக் கப்பல்ல இருக்கறவன் அத்தனை பேரும் கொலைகாரப் பசங்க" என்று கத்தினான். அப்போது உன் ஞாபகம் வந்தது. எஞ்சின் ரூமில் எண்ணெய்க் கையோடு கிடந்தவன் நீ. "அதுல இருக்கறவனும் என்னாட்டம் சம்பளத்துக்கு ஏறுனவன்தான் மாப்ள. போர்டு எழுதி ஒட்டுனவன் கரையில உக்காந்திருக்கான்" என்று வேட்டைக் கப்பலைப் பற்றி நீ முன்பே சொல்லியிருக்கிறாய். உன் வார்த்தையையே மைக்கில் சொன்னேன், பேர் சொல்லாமல். கை தட்டினார்கள். கைதட்டலை நானே வாங்கிக்கொண்டேன், மன்னித்துக்கொள்.

நேற்று மூவரும் தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போனோம். உனக்குச் சமாதி இல்லை. எது நடந்தாலும் அங்கே போய்த்தானே உன்னிடம் சொல்கிறோம்? மலர் முழங்கால் தண்ணீரில் நின்று, "மாமா, போயிட்டு வர்றேன்" என்றாள். விஜயா ஈர மணலிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"நீங்க என்னதான் சொல்றீங்க?" என்று என்னைக் கேட்டாள்.

"போவட்டும். பொய் எழுதுனவன் கப்பல் வுடறான். நம்ம பொண்ணு ஏன் கரையில நிக்கணும்?"

"ஒங்களுக்குப் பயமே இல்லையா?"

"பயந்தவன் சுறா பேனரோட நடுவீதியில நிப்பானா?"

சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். பிறகு அவளே எழுந்து போய், மகளின் ஈரப் பாவாடையை முறுக்கிப் பிழிந்துவிட்டு, "கம்பளி ரெண்டா எடுத்துக்கோ" என்றாள். அவ்வளவுதான் சம்மதம்.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். மலர் கரை திரும்புகிற வரை நம் மெஸ்ஸில் சுறா ஏறாது. போர்டில் இருக்கிற சுறாவை அழிக்கப் பெயிண்டரிடம் சொல்லியாயிற்று. அந்த இடத்தில் திமிங்கிலம் வரைகிறேன் என்கிறார், வேண்டாம் என்றேன். உன் திதிப் படையலிலும் சுறாப்புட்டு இருக்காது. கருவாட்டுக் குழம்பு வைக்கிறேன். அதுவும் மீன்தானே என்று நீயும் ஆரம்பிக்காதே.

கரையில் விஜயா பக்கத்தில் இருந்ததால் ஒன்றை மட்டும் வாய்விட்டுச் சொல்லவில்லை. கடலெல்லாம் ஒரே தண்ணீர்தான் என்கிறாள் மலர். அப்படியென்றால் அவள் போகிற தண்ணீரில்தான் நீயும் இருக்கிறாய். பார்த்துக்கொள், மச்சான்.

உன் தங்கச்சி புருஷன்,
மலரின் அப்பா,
கோபால்