வானும் சொல்லல

மயிலாப்பூர்
4 மே 2025, ஞாயிறு

அன்புள்ள நிலா,

அசோக் நகர் வெயில் எப்படி? இங்கே என் அம்மி மொட்டை மாடியில் காயவைத்த மிளகாய் காலை பதினோரு மணிக்கே கையில் நொறுங்குகிறது.

மாதத்தின் முதல் ஞாயிறு. நீ போட்ட விதிப்படி ஒரு பாட்டு, ஒரு புத்தகம். லிங்க் அனுப்பக் கூடாது. தேடிக் கேட்க வேண்டும், கேட்டுவிட்டுத்தான் பதில் எழுத வேண்டும். கல்லூரி முடிந்து நான்கு வருஷமாக நான் தவறாமல் செய்கிற காரியம் இது ஒன்றுதான்.

புத்தகம் லஸ் முனையில் பழைய புத்தகக் குவியலில் கிடைத்தது. முப்பது வருஷம் நர்ஸாக இருந்த ஒருவர் எழுதியது. நோயாளிகளின் பெயரை எங்குமே சொல்லவில்லை. கட்டிலுக்குக் கீழே கிடக்கும் செருப்பை வைத்துத்தான் ஒவ்வொருவரையும் சொல்கிறார். யாருடைய செருப்பு மறுநாள் இல்லை என்பதை அவர் எழுதும் விதத்தைப் பார். படித்துவிட்டேன், தனியாகத் தபாலில் உனக்கு அனுப்பியிருக்கிறேன்.

பாட்டு ஒரு கானா. பட்டினப்பாக்கத்துச் சின்னப்பையன் என்பவர் ஒரு சாவு வீட்டில் பாடியது. அவர் பெயரைப் போட்டுத் தேடு, முன்னூறு பேர்தான் கேட்டிருக்கிறார்கள். அடையாறு பாலத்தில் பஸ் அசையாமல் நின்ற அரை மணி நேரம், ஒரு காது செத்துப்போன ஹெட்போனில் அதையே கேட்டுக்கொண்டிருந்தேன். தன் இஷ்டப்படி கல்யாணம் செய்துகொண்ட மகள், அப்பா இறந்த சேதி கேட்டு வீட்டுக்கு வருகிறாள். அப்போது ஒரு வரி: "வாசல்ல நின்னவள வானும் சொல்லல." அவள் நிற்பதை யாரும் சொல்லவில்லை, மேலே இருந்து பார்த்த வானம்கூடச் சொல்லவில்லை. பஸ்ஸிலேயே அழுதுவிட்டேன். கேட்டுவிட்டுச் சொல்.

உன்
வஜி


அசோக் நகர்
14.5.25

வஜி செல்லம்,

கேட்டேன்டி! பத்து தடவை கேட்டேன். அந்த வானம்! சமையலறையிலேயே உட்கார்ந்து அழுதுட்டேன். செருப்புப் புத்தகமும் வந்தது, ஒரே மூச்சில் முடிச்சேன். எங்கேதான் பிடிக்கிறயோ இதையெல்லாம்!

என் பாட்காஸ்டை இப்போ நாலாயிரம் பேர் கேக்கறாங்க தெரியுமா? அதிலேயே நேரம் போயிடுது. என் பாட்டும் புத்தகமும் அடுத்த மாசம் கண்டிப்பா. கோவிச்சுக்காதே. உன் அம்மிக்கு என் அன்பு, எனக்கும் அம்மாதானே அவங்க.

முத்தங்களுடன்
நிலா


மயிலாப்பூர்
1 ஜூன் 2025

அன்புள்ள நிலா,

முதலில் ஒரு வெட்கக்கேடு. நீ சிரிப்பாய், சிரி.

தம்பி காதர் தன் முதல் சம்பளத்தில் எனக்குப் புது ஹெட்போன் வாங்கிக் கொடுத்தான். இரண்டு காதும் வேலை செய்கிறது. அதில் சின்னப்பையன் பாட்டைக் கேட்டால், அங்கே வானமே இல்லை! "வாசல்ல நின்னவள வான்னு சொல்லல." வா என்று சொல்லவில்லை. அவளை யாரும் உள்ளே வா என்று கூப்பிடவில்லை, அவ்வளவுதான். நான் வானத்தையெல்லாம் இழுத்துவந்து அந்த வாசலை அலங்காரம் செய்து வைத்திருக்கிறேன். அந்த மனுஷர் எவ்வளவு சாதாரணமாக அதைச் சொல்லிவிட்டுப் போகிறார் பார். ஒரு மாதமாக ஒரு பொய்க்கு அழுதிருக்கிறேன். உண்மை தெரிந்த பிறகு அழுகை வரவில்லை, ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டேன்.

நீயும் பத்து தடவை கேட்டுவிட்டு வானம் என்றே எழுதியிருந்தாய். என் காது உன் காதையும் கெடுத்துவிட்டது போலிருக்கிறது. இன்னொரு தடவை கேள். சத்தியமாகக் கேள்.

இந்த மாதப் புத்தகம் பின்பக்கத்தில்.

உன்
வஜி


அசோக் நகர்
18.6.25

வஜி,

லெட்டர் கிடைச்சது. எப்பவும் போல அழகு! ஓடிக்கிட்டே எழுதறேன்.

ஜூலை 12 சனிக்கிழமை சாயந்திரம் அடையாறில் என் முதல் மேடை நிகழ்ச்சி. மாடி ஹால், அறுபது நாற்காலி. யாரைக் கூப்பிட்டிருக்கேன் சொல்லு? சின்னப்பையன் அண்ணனை! தேடிப் பிடிச்சுட்டேன். நீ வராட்டி நான் பேச மாட்டேன். கடைசி வரிசையில ஒளிஞ்சுக்கோ, பரவாயில்ல, வந்துடு.

நிலா


மயிலாப்பூர்
13 ஜூலை 2025

தமிழ்நிலா,

வந்தேன். நீ சொன்ன இடத்திலேயே உட்கார்ந்தேன், கடைசி வரிசை.

"ஒரு நாள் அடையாறு பாலத்துல பஸ் நின்னுடுச்சு. என் ஹெட்போன்ல ஒரு காது வேலை செய்யல" என்று நீ ஆரம்பித்தபோது, என்னைப் பற்றிச் சொல்லப் போகிறாய் என்று நினைத்துத் தலையைக் குனிந்துகொண்டேன். மேடையில் என் பெயர் வந்தால் என்ன செய்வது என்று பயந்தேன். முட்டாள். பஸ்ஸில் உட்கார்ந்திருந்தது நீயாம். செத்துப்போன காதும் உன்னுடையதாம். நீ பஸ் ஏறி எத்தனை வருஷம் ஆகிறது?

அதைக்கூட விட்டிருப்பேன். அடுத்து நீ அந்த வரியைச் சொன்னாய். "வானும் சொல்லல." மேலே இருந்து பார்த்த வானம்கூட, என்று என் வாக்கியத்தை மூச்சுவிடும் இடம்கூட மாறாமல் சொன்னாய். பக்கத்தில் சின்னப்பையன் வெள்ளைச் சட்டை போட்டு, கையில் தண்ணீர் பாட்டிலோடு உட்கார்ந்திருந்தார். மைக்கைக் கேட்டு வாங்கினார்.

"இன்னா கண்ணு, வானத்த எங்கேர்ந்து இட்டாந்த? அது வான்னு. வான்னு சொல்லல. எங்க நைனா செத்தப்போ என் தங்கச்சி வந்து வாசல்லயே நின்னுகினு இருந்துச்சு. வீட்ல அத்தினி பேர் கீறோம், ஒருத்தரும் வான்னு கூப்டல. நானுந்தான் கூப்டல. அதான் பாட்டு."

அந்த மனுஷர் தன் தங்கையை அறுபது பேர் முன்னால் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார். நீ என்ன சொன்னாய்? "ஆனா அண்ணா, கேக்கறவங்க காதுலயும் ஒரு கவிதை இருக்கு இல்லையா?" என்றாய். எல்லோரும் கைதட்டினார்கள். அவர் பாட்டிலைத் திறந்து தண்ணீர் குடித்தார். அப்போது நீ அவர் முகத்தைப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன்.

வானம் என் தப்பு, உனக்கு அதில் பங்கில்லை. ஆனால் அந்தத் தப்பை ஜூன் முதல் தேதியே திருத்தி எழுதியிருந்தேன். அந்தக் கடிதத்தைத்தான் "எப்பவும் போல அழகு" என்றாய். பத்து தடவை கேட்டேன் என்றாய். ஒரு தடவை கேட்டாயா? செருப்புப் புத்தகத்தில் இருபதாம் பக்கம் தாண்டினாயா?

திருடியதைக்கூட என்னால் பொறுத்துக்கொள்ள முடியும் என்று இன்று காலை வரை எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். பிடித்துப்போய்த் திருடுகிறவர்கள் உண்டு. நீ எதையும் கேட்காமலே திருடியிருக்கிறாய்.

பதில் எழுது. உண்மையை மட்டும் எழுது.

வஜீஹா


அசோக் நகர்
17.7.25

வஜி,

உண்மைதானே வேணும்? கேளு.

உன் பேரைச் சொல்லியிருந்தா என்ன செஞ்சிருப்ப? ஒரு மாசம் பேசியிருக்க மாட்ட. காலேஜ் மலர்ல உன் கவிதையைக் கேக்காம போட்டேன்னு ஒரு செமஸ்டர் பூரா என் பக்கத்துல உட்காரலையே, ஞாபகம் இருக்கா? நீ நல்லதா எதைக் கண்டுபிடிச்சாலும் பெட்டியில வெச்சுப் பூட்டுவ. நான் பாட்காஸ்ட்ல சொன்னதால நாலாயிரம் பேர் அந்தப் பாட்டைக் கேட்டிருக்காங்க. சின்னப்பையன் அண்ணனுக்கு ரெண்டு கச்சேரி வந்திருக்கு. இதுக்கு யாரும் எனக்கு நன்றி சொல்ல வேண்டாம், ஆனா திருடின்னு சொல்லாதே.

இப்படி எழுதிட்டு நேத்து போஸ்ட் பண்ணப் போனேன். பண்ணலை. திரும்பி வந்துட்டேன்.

மீதி உண்மை இது. உன் ஜூன் கவரும், ஜூலை முதல் ஞாயிறு நீ அனுப்பின கவரும் ஃப்ரிட்ஜ் மேல இருக்கு. ரெண்டையும் பிரிக்கலை. மே லெட்டரைப் படிச்சேன், பாட்டைக் கேக்கலை. இந்த ஒரு வருஷமா நான் முழுசா எதையும் கேக்கலை, எதையும் படிக்கலைடி. பேசத்தான் நேரம் இருக்கு. உன் கையெழுத்தைப் பார்த்தாலே அது ஞாபகம் வந்துடுது, அதனால மேலே தூக்கி வெச்சுடுவேன்.

மேடையில அவர் "நானுந்தான் கூப்டல"ன்னு சொன்னப்போ எனக்கும் கேட்டுது. என்ன பண்றதுன்னு தெரியாம எதையோ உளறிட்டேன்.

அடுத்த வாரம் சனிக்கிழமை, 26ஆம் தேதி வர்றேன். நேர்ல திட்டு.

நிலா


மயிலாப்பூர்
27 ஜூலை 2025, ஞாயிறு

தமிழ்நிலா,

நேற்று நீ வந்தபோது அம்மி திருவல்லிக்கேணிக்குப் போயிருந்தார். அவர் இருந்திருந்தால் உன் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்து, சாப்பிடாமல் விட்டிருக்க மாட்டார். உன் நேரம், வீட்டில் நான் மட்டும் இருந்தேன்.

கிரில் கதவுக்கு அந்தப் பக்கம் நின்று, "நான்தான்டி" என்றாய். நீதான் என்று தெரியும். கம்பி வழியாக இரண்டு உறைகளையும் நீட்டினாய், வாங்கிக்கொண்டேன். "பிரிக்கலை. உன் முன்னாடியே பிரிச்சுப் படிக்கலாம்னு கொண்டுவந்தேன்" என்றாய். பிறகு நின்றுகொண்டே இருந்தாய். கீழ்வீட்டு ஷீலா அக்கா துணி எடுக்க மாடிக்குப் போனவர், திரும்பி வரும்போதும் உன்னைப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா, இன்னுமா நிக்கற?" என்று கேட்டது எனக்கும் கேட்டது.

வா என்பது ஒற்றை எழுத்து. வாய் வரை வந்தது. அந்தப் பாட்டு முழுக்க எனக்கு மனப்பாடம். நான் இப்போது யாராக நிற்கிறேன் என்று நன்றாகவே தெரிந்தது. தெரிந்தும் சொல்லவில்லை. அது சரி என்று சொல்ல வரவில்லை. ஆனால் நீ உள்ளே வந்திருந்தால் பத்து நிமிஷத்தில் நாம் சிரித்திருப்போம், நான் தேநீர் போட்டிருப்பேன், அடுத்த முதல் ஞாயிறு நான் மறுபடி எழுதியிருப்பேன். நீ மறுபடி ஃப்ரிட்ஜ் மேல் வைத்திருப்பாய்.

பூட்டிவைப்பவள் என்று எழுதியிருந்தாயே, அது உண்மை. உன் ஒருத்திக்குத்தான் திறந்து வைத்திருந்தேன்.

நீ போன பிறகு இரண்டு உறைகளையும் நானே பிரித்தேன். ஜூன் கடிதம் இதோடு இருக்கிறது. அது உனக்கு எழுதியது, உன்னிடமே இருக்கட்டும். படிப்பதும் படிக்காததும் உன் இஷ்டம். ஜூலை உறையில் கடிதத்தோடு இன்னொரு தாளும் இருந்தது. நான் எழுத ஆரம்பித்திருக்கும் கதையின் முதல் பக்கம். யாருக்கும் காட்டாதது. "முதலில் நீ படித்துச் சொல்" என்று மேலே எழுதியிருந்தேன்.

அந்த வரியை அடித்துவிட்டேன். தாளை நானே வைத்துக்கொண்டேன்.

வஜீஹா