உன் பேரில் பதிவான மாடி அறை

அன்பு மகள் சிட்டுவுக்கு, அப்பா எழுதிக்கொள்வது. நானும் அம்மாவும் இங்கே சுகமாகத்தான் இருக்கிறோம், என் முழங்கால் மட்டும் மாடிப்படியோடு சண்டை பிடித்துக்கொண்டிருக்கிறது. நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, கால் கடுக்க நிற்காமல் நன்றாக இருக்கிறாய் என்று உன் கையால் எழுதி நாங்கள் படித்தால்தான் மனசு ஆறும். போனில்தான் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று சிரிக்காதே. நீ பேசும்போதெல்லாம் அம்மா என் பக்கத்திலேயே காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், இந்த விஷயம் அவள் காதில் விழக்கூடாது.

இங்கே சீசன் தொடங்கிவிட்டது. கடற்கரைத் தெருவில் கால் வைக்க இடமில்லை. பெட்டியை உருட்டிக்கொண்டு நாலு பேர் வந்து இறங்கினால் போதும், தக்காளி விலை ஏறி உட்கார்ந்துகொள்கிறது, உள்ளூர்க்காரன் என்று நமக்குக் குறைத்தா தரப்போகிறார்கள். நல்ல மீனெல்லாம் விடியும்போதே பெரிய ஹோட்டல் வண்டியில் ஏறிவிடுகிறது. அந்த ஹோட்டல்காரர்களோ ரொட்டியிலிருந்து மேனேஜர் வரைக்கும் வெளியூரிலிருந்து இறக்குகிறார்கள், நம் ஊருக்கென்று விடுவது அழுக்குத் துணியும் குப்பையும்தான். விருந்தாளிகளுக்கு வாடகைக்கு விடுகிற நம்முடைய ஐந்து அறையை நம்பி நாமும், நம் படுக்கை விரிப்புகளை நம்பி சலவைக்கார அக்காவும் பிழைப்பை ஓட்டுகிறோம். மழை பிடித்துவிட்டால் தெருவில் பாதிக் கடை மூடிக்கிடக்கும், எல்லோரும் அடுத்த சீசனைக் காட்டிக் கடன் கேட்பார்கள். இதெல்லாம் உனக்குத் தெரியாததா, நீயும் அங்கே ஹோட்டலில் இதே தொழில்தானே செய்கிறாய். எனக்கு ஆறாதது ஒன்றுதான். நம் சீசன் முடிந்து வீடு வெறிச்சோடிக் கிடக்கும்போது அங்கே உங்களுக்கு சீசன், லீவு கிடையாது. உனக்கு லீவு கிடைக்கிற நேரத்தில் இங்கே கூட்டம், விமான டிக்கெட் யானை விலை. அங்கே நீ விரிக்கிற படுக்கையில் யாரோ தூங்குகிறார்கள், இங்கே உன் படுக்கையிலும் யாரோ தூங்குகிறார்கள், நாம் மூன்று பேரும் ஒரே கூரையின் கீழ் தூங்கி எத்தனை காலம் ஆகிவிட்டது சொல்.

ஆமாம், உன் மாடி அறையையும் இந்த வருஷம் வாடகைக்கு விட்டாயிற்று. கூரை ரிப்பேர் கடன் இருக்கிறது, சும்மா கிடக்கிற அறை ஒரு பைசா தராது என்று அம்மா சொல்லிவிட்டாள், வீட்டில் முதலாளி யார் என்று உனக்கே தெரியும். உன் புத்தகங்களை அட்டைப்பெட்டியில் கட்டிப் பரண் மேல் ஏற்றினேன். ஜன்னலைத் திறந்தால் கடல் தெரிகிறது என்று படம் பிடித்து, இன்டர்நெட்டில் அறை பதிவு செய்து தருகிற கம்பெனியின் பக்கத்தில் அம்மாவே போட்டாள். யார் யாரோ வந்து போகிறார்கள், நல்லவர்கள்தான், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் மேலே காலடிச் சத்தம் கேட்டால் நீதான் நடக்கிறாய் என்று ஒரு கணம் தலையைத் தூக்கிவிடுகிறேன் சிட்டு, அதைத் தாங்க முடியவில்லை.

அதனால் ஒரு காரியம் செய்தேன். சீசனின் கடைசி வாரம் அந்த அறையில் யாரும் வேண்டாம் என்று எனக்குத் தோன்றியது. அம்மாவிடம் கேட்டால் விடமாட்டாள். முக்குக் கடை டிராவல்ஸ்காரரிடம் போய், அந்த வாரத்துக்கு நம் வீட்டு மாடி அறையை உன் பேரில் பதிவு செய்யச் சொன்னேன். விருந்தாளிகளை பஸ் நிலையத்திலிருந்து கூட்டிவந்ததற்கு அவர்கள் கையில் திணித்ததையெல்லாம் சேர்த்து வைத்திருந்தேன், அதைக் கொடுத்தேன். என் சட்டைப்பையில் இருந்த பணம் எந்த ஊரிலோ இருக்கிற கம்பெனிக்குப் போய், ஒரு தலையணை உறைகூட மாற்றாத அவர்கள் கமிஷனைக் கழித்துக்கொண்டு, மிச்சத்தை உன் அம்மா கணக்கில் போடுவார்கள். சொந்த வீட்டில் இடம் பிடிக்கக் கமிஷன் கட்டிய புத்திசாலி உன் அப்பாவாகத்தான் இருப்பான்.

வேறு ஏதாவது பேர் கொடுத்திருக்கலாம், அது அப்போது உறைக்கவில்லை. அம்மாவின் போனில் உன் பேர் போட்டுத் தகவல் வந்ததும் அவள் முகத்தைப் பார்க்கணுமே. கள்ளி, நமக்குச் சொல்லாமல் வந்து நிற்கப் பார்க்கிறாள், நீங்களும் தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ளாதீங்க என்று எனக்கு உத்தரவு. புதுத் திரைச்சீலை தைத்தாள். சலவைக்கார அக்காவிடம் சொன்னாள், மருந்துக்கடையில் சொன்னாள், தெருவே என்னை நிறுத்தி விசாரிக்கிறது. போன வாரம் போனில் காரணமில்லாமல் சிரித்தாளே, என்னம்மா என்று நீகூடக் கேட்டாயே, அது இதற்குத்தான். நான் வாயைத் திறக்க முடியாமல் திருட்டு முழி முழித்துக்கொண்டிருக்கிறேன். எப்படியாவது லீவு கேட்டுப் பார், கிடைக்காவிட்டால் அம்மாவிடம் நீயே ஏதாவது சொல்லிச் சமாளி என்று கெஞ்சத்தான் இந்தக் கடிதத்தைத் தொடங்கினேன்.

இவ்வளவு எழுதி மூடி வைத்துவிட்டுத்தான் கூடத்துக்குப் போனேன். இப்போது மாடியில் தங்கியிருக்கிற தம்பதி அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தார்கள். கடைசி வாரம் பெற்றோரை அழைத்துக்கொண்டு மறுபடி வருகிறார்களாம், அதே அறை வேண்டுமாம், கமிஷன் இல்லாமல் நேராகக் கையில் தருகிறோம், இரண்டு மடங்கு ஆனாலும் சரி என்றார்கள். அம்மா கொஞ்சமும் யோசிக்கவில்லை. மன்னிச்சுக்குங்க, அந்த வாரம் எங்க பொண்ணு வர்றா என்றாள். அவர்கள் மேலே போனதும் எனக்கு நெஞ்சு பொறுக்கவில்லை, உண்மையைப் போட்டு உடைத்துவிட்டேன். அவள் துண்டை மடிப்பதை நிறுத்தவே இல்லை. தெரியும், டிராவல்ஸ்காரர் சம்சாரம் மூணாம் நாளே சொல்லிட்டா என்றாள். தெரிந்துகொண்டா இவ்வளவு பெரிய தொகையை வேண்டாம் என்றாய், ஊரெல்லாம் ஏன் சொல்லிவைத்தாய் என்று கேட்டேன். எம்பொண்ணு வர்றான்னு நாலு பேருகிட்ட சொல்லிப் பார்க்கணும்னு ஆசையா இருந்துச்சுங்க என்றாள்.

பதிவை ரத்து செய்துவிடலாம் என்றேன், கூடாது என்றாள். ஆகையால் லீவு கேட்டு யாரிடமும் பேச்சு வாங்காதே, எங்களுக்காகக் கடன் பட்டு டிக்கெட் எடுக்காதே. உனக்கு எந்த மாதம் தோதுப்படுகிறதோ அந்த மாதம் வா, கூட்டமானாலும் மழையானாலும் பரவாயில்லை. குதிகால் வெடிப்புக்கு எண்ணெய் தடவச் சொன்னாள் அம்மா, மறக்காதே. நீ நோய்நொடி இல்லாமல் நூறு வருஷம் நன்றாக இருக்க எங்கள் இரண்டு பேருடைய ஆசியும் எப்போதும் உண்டு. அந்த வாரம் முழுக்க அறை காலியாகத்தான் இருக்கும், சாயங்காலம் ஆனால் நானும் அம்மாவும் அங்கே போய் உட்கார்ந்துகொள்வதாகப் பேசி வைத்திருக்கிறோம். அந்த நேரமாகப் பார்த்து ஒருநாள் போன் பண்ணு.

இப்படிக்கு,
உன்னைப் பார்க்கக் கண் தேடும்
அப்பா