கடைமுனையில் பதினெட்டாவது புள்ளி

அன்புள்ள அம்மாவுக்கு,

முட்டிவலி தேவலையா? எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, கோபம்தான்.

நேற்று வேலை முடிந்து துணிக்கடையிலிருந்து இறங்கும்போது ஒருவன் இடுப்பைக் கிள்ளினான். பயப்படாதே. உடனே அவனைப் படமெடுத்து, பெண்கள் புகார் போடும் செயலியில் எல்லாரும் பார்க்கப் போட்டுவிட்டேன். அதன் வரைபடத்தில் எங்கள் கடைமுனையில் ஏற்கெனவே பதினேழு சிவப்புப் புள்ளிகள்!

"கடைப் பேரு கெட்டுடும், எடுத்துடும்மா" என்கிறார் மேலாளர். பதினேழு பேரைக் கிள்ளியபோது கெடாத பெயராம்!

"முடியாது சார்" என்றேன்.

ஊக்கு இரண்டு அட்டை அனுப்பு. தனியாக நடக்கிறேன், கையில் ஏதாவது இருக்கட்டும். முன்பெல்லாம் பஸ்ஸில் நீ விரித்த ஊக்கோடு நிற்பாய். அப்பா கேட்டால் சேலைக்கு என்பாய். இப்போதுதான் புரிகிறது.

கடை திறக்கிறார்கள், ஓடுகிறேன். உனக்கு நடந்தது எந்த நிறுத்தத்தில் என்று மட்டும் எழுது. உன் புள்ளியையும் நானே வைக்கிறேன்.

உன் மகள்