சட்டி காலி

அத்தான்,

சோத்துச் சட்டிக்குள்ள சீட்டு கிடக்கேன்னு முழிக்காதீங்க. சோறு காலி. உங்களுக்கு வச்ச மீன்குழம்பும் காலி. எல்லாம் நான்தான் தின்னேன்!

நீங்க வேண்டாம்னு ஏசியும், நேத்து பக்கத்துவீட்டுக் கோமதியக்காகூட மாட்டுங்காவுல இருக்கிற சீன டாக்டர்கிட்ட போயிட்டு வந்தேன். ஊசியில லைட்டு கரண்டை விட்டுக் கொன்னுருவான்னீங்களே, அது வெறும் டார்ச்லைட்டு பேட்டரி கரண்டுதான். செமிக்காத வயித்துக்கு முழங்காலுக்குக் கீழ ஊசி குத்தி வயரை மாட்டுறாரு. எறும்பு ஊர்ற மாதிரி இருந்துது, அம்புட்டுதான். இன்னைக்கு மத்தியானம் எனக்குப் பசிச்சுது அத்தான்! நாலு வருஷம் கழிச்சுப் பசிச்சுது!

இப்போ ரெண்டாவது தடவை ஊசி குத்திக்கப் போறேன். இதுக்கும் ஏசுனா ஏசிக்கோங்க.

தங்கத்தாய்

அரிசி களைஞ்சு வச்சிருக்கேன், உலை வச்சிருங்க. எனக்குன்னு தனியாக் கஞ்சி வேண்டாம். இன்னைக்கு ஒரே சட்டிச் சோறு, ரெண்டு பேருக்கும்.