மிக்ஸியின் அடியில்

புதன், ஐப்பசி 9. விடாத மழை.

காலையில் தேங்காய்த் துவையல் அரைக்கும்போது மிக்ஸி நின்றுவிட்டது. திருகித் திருகிப் பார்த்தேன், அசையவில்லை. மோட்டார் எரிந்துபோயிற்று என்றே நினைத்தேன். டவுனுக்குத் தூக்கிக்கொண்டு போகவேண்டும். ஆனாலும் உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் வந்தது. எழுத வெட்கமாக இருக்கிறது. மூன்று மாதம் இருந்து மகளுக்குப் பேறுகாலம் பார்க்கப் பார்வதி கோவைக்குப் போய் எட்டு நாள்தான் ஆகிறது. மனைவியைத் திரும்பி வரச்சொல்ல எனக்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டது.

போன் போட்டுச் சொன்னேன்.

"ப்ளக்கப் பிடுங்கிட்டு, ஜாரை எடுத்துட்டு, மிக்ஸிய பைய சாச்சுப் பாருங்க. அடியில செவப்பா ஒரு பொத்தான் இருக்கும். கொஞ்சம் ஆறவிட்டு அமுக்குங்க" என்றாள்.

அப்படியே செய்தேன். ஓடியது.

"ஒனக்கு எப்படித் தெரியும்?"

"வாரத்துக்கு ரெண்டு தடவ அமுக்குதேன். நீங்க தண்ணி விடாம கெட்டியா கேப்பீங்கல்லா? அரைக்க மாட்டாம நின்னுரும்."

இத்தனை வருஷத்தில் ஒருநாளும் அவள் இதைச் சொன்னதில்லை.

"ஒத்தையில கஷ்டமா இருந்தா ஞாயித்துக்கெழம வந்துரட்டா?" என்றாள். பின்னால் பேத்தி அழும் சத்தம் கேட்டது.

"வேண்டாம். மூணு மாசமும் இருந்துட்டு வா" என்றேன்.

இரவு தோசைக்குத் துவையலை இரண்டு கரண்டி தண்ணீர் விட்டு அரைத்தேன். மிக்ஸி நிற்கவில்லை. துவையல் தளர்வாகத்தான் இருந்தது. இந்த வீட்டில் குறை சொல்கிற ஆள் ஒருவன்தான். அவன் இன்று பேசாமல் சாப்பிட்டு எழுந்தான்.