ஒவ்வொரு திராட்சையிலும் நிற்கிற மாப்பிள்ளைக்கு

என் பாசத்துக்கும் எரிச்சலுக்கும் உரிய மாப்ள செல்லப்பாண்டி,

செத்துப்போனவனைத் திட்டக் கூடாது என்பார்கள். இத்தனை மாதம் பொறுத்துப் பார்த்தேன், முடியவில்லை. நீ போட்டுவிட்டுப் போன வேலை அப்படி.

இதைப் படிக்கிற நாலு பேருக்கு நம் கதை தெரியாது. அவர்களுக்காகவும் சேர்த்தே சொல்கிறேன். நீ என்னோடு படித்தவன். பிறகு என் தங்கச்சி வளர்மதியைக் கட்டிக்கொண்டு மாப்பிள்ளை ஆனவன். சின்னமனூரில் உரக்கடை மாடியில் நாம் சேர்ந்து நடத்திய கார்ட்டூன் அறையில் படத்துக்கு வெளிச்சம் போடுகிற ஆள் நீ, வெட்டி ஒட்டி முடிக்கிற ஆள் நான். போன மாசியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் எழுந்திருக்கவே இல்லை. எல்லாவற்றிலும் உனக்கு அவசரம்தான், அதிலுமா?

நமக்குப் படம் போடக் கொடுத்த கோட்டயத்து அம்மாவின் குழந்தைப் பாட்டு நினைவிருக்கிறதா? மலையாளத்தில் முந்திரி என்றால் திராட்சை என்று தெரியாமல், முந்திரிப் பருப்புக்குக் கண்ணும் மூக்கும் வைத்து அனுப்பி மானத்தை வாங்கினாயே, அதே பாட்டு. நீ பாதியில் விட்டுப் போனதை நானும் போடியிலிருந்து வேலைக்கு வந்திருக்கிற ஜெசியும் முடித்துவிட்டோம். ஒரு குலை திராட்சை, ஒவ்வொன்றுக்கும் முகம், எல்லாம் தலையாட்டிப் பாடும். இது அந்த அம்மாவுக்குப் பிடித்துவிட்டால் மொத்தப் பாட்டு வரிசையும் நமக்கு. பிடிக்கவில்லை என்றால் அறையைப் பூட்டிவிட்டு, இந்த வயதில் நான் சென்னையில் போய் யாரிடமோ வேலைக்கு நிற்க வேண்டும்.

படத்தை அனுப்பிய மறுநாள் போன் வந்தது. "குமரேசன் சாரே, படம் நல்ல பங்கியுண்டு. பக்ஷே எல்லா முந்திரிங்ஙயிலும் ஆரோ ஒராள் நிக்குந்நுண்டல்லோ. அதாரா?"

படம் அழகாம், ஆனால் எல்லாத் திராட்சையிலும் யாரோ ஒருத்தர் நிற்கிறாராம். அவர் யார் என்று கேட்கிறார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஒரு திராட்சையை மட்டும் பெரிதாக்கிப் பார்த்தேன். பளபளப்பில் வெள்ளையாக ஒரு சின்ன உருவம், கால் இரண்டையும் அகட்டிக்கொண்டு, கேமராவை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு. பக்கத்துத் திராட்சையிலும் அதே உருவம். அதற்கு அடுத்ததிலும். நீதான், வேறு யார் அப்படி நிற்பார்கள்?

அந்த எவர்சில்வர் குண்டால் வந்த வினை இது. ஓடைப்பட்டித் திராட்சைத் தோட்டத்து வெயில் அப்படியே கம்ப்யூட்டருக்குள் வர வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாய். அதற்குக் கண்ணாடி போலப் பளபளக்கிற ஒரு உருண்டை வேண்டும். அதைப் படம் பிடித்தால் சுற்றியிருக்கிற வானம், பந்தல், மண், வெயில் எல்லாம் அதற்குள் அடங்கிவிடும். அந்தப் படத்தைக் கம்ப்யூட்டரில் நம் திராட்சைகளைச் சுற்றிப் போர்த்தினால் அதே வெயில் அவற்றின் மேல் விழும், பளபளப்பிலும் தெரியும். கடையில் வாங்கித் தொலைத்திருக்கலாம். நீ உன் புது வீட்டு மாடிப்படிக் கைப்பிடியின் உச்சியில் இருந்த குண்டைத் திருகிக் கழற்றிக்கொண்டு போனாய். பந்தல் ஓரத்துக் கல்தூணில் அதைக் கம்பி வைத்துக் கட்டினாய்.

ஒரே குண்டு, ஒரே இடம். கேமராவை அசைக்காமல், இருட்டாக ஒன்று, கொஞ்சம் வெளிச்சமாக ஒன்று, இன்னும் வெளிச்சமாக ஒன்று என்று எடுத்துக்கொண்டே போய் எல்லாவற்றையும் ஒரே எச்டிஆர் படமாகச் சேர்த்தாய். அதுவரை சரி. எடுக்கிறவன் குண்டில் தெரிவான் என்பது இந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்தது. அதனால்தான் தள்ளி வேறு பக்கம் நின்று இன்னொரு முறை எடுத்து, இரண்டையும் சேர்த்து ஆளை அழிப்பார்கள். அதனால்தான் கருப்புச் சட்டை போட்டுக்கொள்வார்கள். நான் எத்தனை முறை சொன்னேன்? நீ பொங்கலுக்கு எடுத்த வெள்ளைச் சட்டையில் வந்து நின்றாய். இன்னொரு பக்கமும் எடு என்று கத்தினேன். "வெயிலு எறங்கிருச்சு மச்சான், நாளைக்கு எடுத்துக்கலாம்" என்றாய். அந்த நாளை எங்கே மாப்ள?

சரி, அழித்துவிடலாம் என்று படத்தைத் தேடினால் அதற்கு நீ வைத்த பெயர் 'சும்மா'. ஹார்டு டிஸ்க்கில் 'சும்மா', 'சும்மா புதுசு', 'சும்மா இதுதான்' என்று வரிசையாகக் கிடந்தன. மொத்தப் பாட்டுக்கும் சூரியன் அதற்குள் இருக்கிறது, அதற்கு இப்படியா பெயர் வைப்பது? ஜெசி ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துவிட்டு, "அண்ணே, இந்த அண்ணன் பிள்ளைக்கு மட்டும் எப்படி ஒழுங்கா பேர் வச்சாக?" என்று கேட்டாள். அது வளர்மதி வைத்த பெயர் என்று சொன்னேன்.

அந்த 'சும்மா' திறக்கும்போதே மெஷின் மூச்சு வாங்கியது, அத்தனை பெரிது. ஜெசி அவசரத்தில் அதைச் சாதாரண ஜேபெக் படமாக மாற்றி, உன்னை அழகாக அழித்து, மேலே வானத்தையும் பந்தலையும் ஒட்டி, மெஷின் முழுப் படத்தையும் வரைந்து தள்ளுகிற ரெண்டருக்கு மறுபடி போட்டாள். வந்ததைப் பார்த்து எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. நீ போய்விட்டாய், கூடவே வெயிலும் போய்விட்டது. திராட்சைக்குக் கீழே ஒரு நிழல் இல்லை. மேகமலையில் மூடாக்குப் போட்ட நாள் மாதிரி மொத்தமும் சாம்பலாக இருந்தது.

காரணம் நீ ஆயிரம் தடவை சொன்னதுதான். சாதாரணப் படத்துக்கு ஒரு அளவுக்கு மேல் எல்லாமே வெறும் வெள்ளை. அதற்கு உன் சட்டையும் சூரியனும் ஒன்று. எச்டிஆர் படத்தில்தான் சூரியன் சட்டையைவிட எத்தனை மடங்கு சுடுகிறது என்ற கணக்கு அப்படியே இருக்கும். ஜேபெக் ஆக்கியதும் சூரியனைச் சட்டை அளவுக்கு வெட்டிவிட்டது. ஜெசி பாவம், "இத முன்னாடியே சொல்லப்படாதாண்ணே?" என்று என்னிடம் எரிந்து விழுந்தாள். சொல்ல வேண்டியவன் நீ. உன் வேலைக்கெல்லாம் நான் பேச்சு வாங்குகிறேன்.

மறுபடி முதலிலிருந்து. இந்த முறை எச்டிஆர் கணக்கு கெடாத அசல் ஈஎக்ஸ்ஆர் கோப்பிலேயே, ஒரு துளி வெளிச்சம் வெட்டுப்படாமல், நானே உட்கார்ந்து உன்னை அழித்தேன். முதலில் கேமராவை, பிறகு தலையை, பிறகு தோளை. இந்த வேலையை யாரும் எனக்குக் கொடுத்திருக்கக் கூடாது மாப்ள. இரண்டு முறை எழுந்து போய் டீ குடித்துவிட்டு வந்து அழித்தேன்.

வெயில் திரும்பி வந்தது, நிழல் விழுந்தது, ஆள் இல்லை. அப்பாடா என்று அனுப்பி வைத்தேன். கோட்டயத்து அம்மா உடனே கூப்பிட்டார். "ஆள் போயி, சரி. பக்ஷே இப்போ முந்திரிங்ஙக்கு ஜீவனில்ல சாரே. ஆத்யத்தெ பங்கி போயி."

முதலில் இருந்த அழகு போய்விட்டதாம். ஆளை எடு என்றதும் அவர்தான், இப்போது எதையோ காணோம் என்கிறதும் அவர்தான். போனை வைத்துவிட்டு வாய்க்கு வந்தபடி பேசினேன். ஆனால் இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அவர் சொன்னது உண்மை. திராட்சைகளின் ஒரு பக்கக் கன்னம் கறுத்துக் கிடந்தது. பாடுகிற குலை, யாரோ அடித்து உட்கார வைத்த மாதிரி உர்ரென்று இருந்தது.

அந்த நேரம் பார்த்து வளர்மதி படியேறி வந்தாள். எல்லாம் அந்தக் குண்டுக்காகத்தான். "ஏண்ணே, அந்த எவர்சில்வர் குண்டு எங்கன கெடக்கு? கைப்பிடி மொட்டையா நிக்குது. பிள்ள அந்த ஓட்டைக்குள்ள வெரல விட்டு நேத்து மாட்டிக்கிருச்சு. எண்ணெயப் போட்டு உருவுனேன்."

திரையை மறைக்க நினைத்தேன், அதற்குள் பார்த்துவிட்டாள். பழைய படம் பெரிதாகத் திறந்திருந்தது. ஒரு திராட்சை, அதற்குள் நீ. அவள் அழுவாள் என்று ஜெசி எழுந்து நாற்காலியை நகர்த்தினாள். வளர்மதி உட்காரவில்லை. குனிந்து உற்றுப் பார்த்தாள்.

"கால அகட்டிக்கிட்டு நிக்கிறதப் பாரு" என்றாள். பிறகு, "இத அழிக்கவா சொல்றாக?" என்று கேட்டாள்.

"ஆமா. அழிச்சா முகமெல்லாம் இருட்டா போகுது. ஏன்னு தெரியல."

"ஏன் தெரியல? எதிர்க்க வெள்ளச் சட்ட நின்னா வெளிச்சம் அடிக்காதா? கல்யாண வீட்டுல போட்டோக்காரவுக வெள்ளத் துணியப் புடிச்சுக்கிட்டு நிக்கல?"

ஜெசி என்னைப் பார்த்தாள், நான் ஜெசியைப் பார்த்தேன். வெயிலைப் பார்த்து நீ நின்றிருக்கிறாய். வெயில் உன் சட்டையில் பட்டுத் திரும்பி, நிழல் பக்கக் கன்னத்தில் எல்லாம் மெல்ல விழுந்திருக்கிறது. பந்தலும் வானமும் இருக்கிற படத்தில், அந்த முகங்களைச் சிரிக்க வைத்தது உன் பொங்கல் சட்டை. அதைத்தான் நான் டீ குடித்துக் குடித்து அழித்திருக்கிறேன்.

"கருப்புச் சட்டை போடச் சொன்னேன், கேட்கல" என்றேன். எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை.

"அவுக கருப்பத்தான் கேட்டாக" என்றாள் வளர்மதி. "நாந்தான் குடுக்கல. உச்சி வெயில்ல தோட்டத்துல கருப்பப் போட்டுக்கிட்டு நின்னா மனுசன் வெந்துற மாட்டாரா? வெள்ளைய இஸ்திரி போட்டு நாந்தான் மாட்டி அனுப்புனேன். மச்சான் வைவான்டி, வைவான்டின்னு சொல்லிக்கிட்டேதான் போனாக."

அவள் அப்போதுதான் உட்கார்ந்தாள். ஏன் மாப்ள, அவள்தான் கொடுத்தாள் என்று ஒரு வார்த்தை என்னிடம் சொல்லியிருந்தால் என்ன? அன்றைக்குத் தோட்டத்தில் நான் அத்தனை கத்தினேன், சிரித்துக்கொண்டே நின்றாயே. என் தங்கச்சியை என்னிடம் விட்டுக்கொடுக்கக் கூடாதா உனக்கு? அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் எரிச்சல் வருகிறது.

பிறகு செய்தது சின்ன வேலைதான். உன்னை அழிக்கவில்லை, கலைத்தேன். ஈஎக்ஸ்ஆர் கோப்பில், உன் உருவம் இருந்த இடத்தை மட்டும் தேய்த்துத் தேய்த்து மங்க வைத்தேன். கை போனது, கேமரா போனது, அந்த அகட்டிய கால் போனது. மொத்த வெளிச்சம் இம்மி குறையவில்லை, கணக்கு அப்படியே இருக்கிறது. வெள்ளையாக, மெத்தென்று ஒரு வெளிச்சம் மட்டும் நிற்கிறது. அது நீ நின்ற இடம் என்று எங்கள் மூன்று பேருக்கு மட்டும் தெரியும். இப்போது நாலு பேருக்கும்.

ரெண்டர் முடிந்து ஓட்டிப் பார்த்தோம். குலை முழுக்கச் சிரித்தது. வளர்மதி பாட்டு முடிகிற வரை பார்த்துவிட்டு, "நல்லாருக்கு. குண்டு எங்கன?" என்றாள். கோட்டயத்து அம்மா 'நன்னாயி' என்று ஒரே வார்த்தை அனுப்பினார். அடுத்த பாட்டு பலாப்பழம், மலையாளத்தில் சக்க. அதற்கும் சக்க என்பதைச் சக்கை என்று படித்துத் தொலைக்க நீ இல்லை.

குண்டு இன்னும் கல்தூணில்தான் இருக்கிறது. வெயிலிலும் மழையிலும் கிடந்தும் பளபளப்பு போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை போய்க் கழற்றி, கைப்பிடியில் மாட்டிவிடுகிறேன். கழற்றுவதற்கு முன்னால், நீ எடுக்காமல் விட்ட இன்னொரு பக்கத்தை எடுத்துவிடுவேன். இது சத்தியம். நாளைக்கு என்று தள்ள மாட்டேன், படத்துக்கு 'சும்மா' என்று பெயரும் வைக்க மாட்டேன்.

கருப்புச் சட்டை போட்டுக்கொண்டு போகலாம் என்றிருந்தேன். நேற்று வளர்மதி ஒரு பையைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். உன் பொங்கல் சட்டை, இஸ்திரி போட்டு மடித்திருக்கிறது. போட்டுப் பார்த்தேன், தோளில் கொஞ்சம் பிடிக்கிறது. அதைப் போட்டுக்கொண்டுதான் நிற்கப் போகிறேன் மாப்ள.

உன்னை வைது தீராத மச்சான்,
குமரேசன்
சின்னமனூர்